அம்பி மாமாவுக்குத் தாயம் விழுந்தால்

அரை மணி நேரமாகக் கம்ப்யூட்டருக்குத் தாயமே விழவில்லை.

பன்னிரண்டு விழுந்தது. கேட்காமலே விழுந்தது. ஐந்து, ஆறு, மூன்று எல்லாம் முறை வைத்துக்கொண்டு வந்துபோயின. தாயம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. தாயம் விழாமல் காயைக் கட்டத்தில் இறக்க முடியாது என்பது ஊரறிந்த சட்டம். ஆகவே அம்பி மாமாவின் ஆறு புளியங்கொட்டைகளும், அவருடைய சிநேகிதர் கரீமுல்லாவின் ஆறு சோழிகளும், கூடத்துத் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கட்டத்துக்கு வெளியே சும்மா கிடந்தன.

"இன்னா தம்பி, உன் மெஷினுக்குத் தாயம்னா இன்னான்னே தெரியாதா?" என்று கேட்டார் கரீமுல்லா.

"தெரியும் பாய். ஒரே நிமிஷம்" என்றான் கிரீஷ். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் வெயில் ஒன்றும் அப்படி இல்லை. இருந்தும் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்டர், இதைவிட எங்காத்துப் பித்தளைக் கட்டையே தேவலையே" என்றார் அம்பி மாமா.

"இல்லை மாமா. மெஷின் தப்பே பண்ணாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே.

கிரீஷ், பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் வாத்தியார். அம்பி மாமாவின் ஒரே பெண் மாளவிகா அவனிடம் ஆறு மாதம் லோட்டஸ் என்கிற கணக்குப் போடும் புரோகிராம் படித்தாள். படிப்பு முடிந்த பிறகும் சந்தேகம் கேட்க வந்துகொண்டிருந்தாள். எல்லாச் சந்தேகமும் தீர்ந்தபோது இரண்டு பேருக்கும் கல்யாண யோசனை வந்துவிட்டிருந்தது. மாளவிகாவின் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி கேட்ட அன்றைக்கே சம்மதித்துவிட்டாள். "என்னை இதுல இழுக்காதீங்கோ, அப்பாவும் பொண்ணுமா முடிச்சுக்கோங்கோ" என்று அன்று காலையிலேயே ஆதம்பாக்கத்துத் தங்கை வீட்டுக்குக் கிளம்பியும் போய்விட்டாள்.

தடை அம்பி மாமாதான். மின்சார வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "அரசாங்க வேலை இல்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், நாலு வரிசை இலைக்குக் கேட்கும்படி அறிவித்துவிட்டார். பாயசத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சாட்சி. சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று பெயர் வேறு எடுத்திருந்தார்.

அப்படிப்பட்டவரை எப்படிக் கரைப்பது? கிரீஷ் யோசித்தான். மாமாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே பலவீனங்கள். ஒன்று தாயம், இன்னொன்று கரீமுல்லா. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்த அந்த இருவரும் இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் தாயம் ஆடுகிறார்கள். ராயப்பேட்டையிலிருந்து கரீமுல்லா மொபெட்டில் வந்து இறங்கினால் மாமாவுக்கு அப்புறம் வீடு வாசல் நினைவிருக்காது. அந்தத் தாயத்தையே கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினால்? 'ஆஹா, இந்தப் பையனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது' என்று மாமா மனம் மாறிவிட மாட்டாரா?

வகுப்பு முதலாளியிடம் கெஞ்சி, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். நாலு ராத்திரி கண்விழித்து லோட்டஸில் ஒரு மேக்ரோ எழுதியிருந்தான். மேக்ரோ என்றால் ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலைகளை வரிவரியாக எழுதிவைக்கும் சீட்டு. அதில் 'இஃப்' என்று ஒரு வரி உண்டு. இன்னது இப்படி இருந்தால், இன்னதைச் செய். அவ்வளவுதான். மாமியார் மருமகளுக்குப் போடும் நிபந்தனைகளை மெஷினுக்குப் போடுவது.

தாயத்துக்கு இஃப் இல்லாமல் முடியாது. கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்றப் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினால் ஒன்று வந்தால் அது தாயம். இரண்டு கட்டையும் வெறுமை காட்டினால் பூஜ்யம் அல்ல, பன்னிரண்டு! ஏன் என்று கேட்கக்கூடாது, ஆடவேண்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு, மூன்று, நாலு விழுந்தால் காயை நகர்த்திவிட்டு எதிராளியிடம் ஆட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

கிரீஷ் திரையில் ஓடிய வரிகளை உற்றுப் பார்த்தான். அகப்பட்டுவிட்டது. 'கூட்டுத்தொகை பூஜ்யமானால் பன்னிரண்டு' என்று எழுதுவதற்குப் பதில், 'ஒன்றுக்கு மேல் இல்லாவிட்டால் பன்னிரண்டு' என்று எழுதித் தொலைத்திருந்தான். ஒன்று, ஒன்றுக்கு மேல் இல்லையே! விழுந்த தாயத்தையெல்லாம் அந்த வரி பிடித்துப் பன்னிரண்டாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

திருத்தினான். மாமா 'ஏ' என்று தட்டிவிட்டு என்டரை அமுக்கினால் அவருடைய உருட்டு. கரீமுல்லாவுக்கு 'கே'. மாமா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து உரசிக்கொண்டு, பித்தளைக் கட்டையை உருட்டுகிற அதே பாவனையில் ஏ-யைத் தட்டினார். மூன்று. கரீமுல்லா விரலில் ஊதி, "பிஸ்மில்லா" என்று கே-யைத் தட்டினார்.

தாயம்!

"அப்படிப் போடு!" என்று கத்தியது கரீமுல்லா அல்ல. சமையலறை வாசலில் நின்ற மாளவிகா.

கிரீஷ் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் மலர்ந்திருந்தது. மெஷின் வேலை செய்கிறதே என்ற சந்தோஷம், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஆட்டம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்ததுதான் கஷ்டம். கரீமுல்லாவின் சோழிகள் ஒவ்வொன்றாக இறங்கி நடைபோட்டன. மாமாவின் இரண்டு காய்கள் தட்டுத்தடுமாறி இறங்கி, இரண்டும் வெட்டுப்பட்டு வெளியே போயின. இரண்டாவது காய் வெட்டுப்பட்டபோது மாமா லேசாகப் பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சு கிரீஷின் காதில் விழுந்தது. தான் கொண்டுவந்த மெஷினில், தன் கண்ணெதிரே, வருங்கால மாமனார் தோற்பதா? இன்றைக்குத் தோற்றுவிட்டு எந்த மனுஷன் பெண்ணைக் கொடுப்பான்? மாளவிகா இல்லாத பாண்டி பஜாரை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான்.

"மெஷின் சூடாயிடுத்து மாமா. ரெண்டு நிமிஷம் ஆறப் போடணும்" என்றான்.

"ஆறட்டும், ஆறட்டும். ஆத்துல காபி சூடா இருக்கு" என்றார் மாமா.

அவர்கள் காபி குடித்த அவகாசத்தில் கிரீஷ் ஒரு வரி சேர்த்தான். உருட்டுவது ஏ-யாக இருந்து, விழுவது இரண்டு, மூன்று, நாலு என்று சின்ன எண்ணாக இருந்தால், ஒரு தடவை மட்டும் யாருக்கும் தெரியாமல் மறுபடி உருட்டு. அநியாயம்தான். ஆனால் கல்யாணத்துக்காக ஆயிரம் பொய் சொல்லலாம் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இவன் ஒரே ஒரு இஃப்தான் போட்டான்.

டம்ளரை எடுத்துப்போக வந்த மாளவிகா திரையைப் பார்த்தாள். லோட்டஸ் படித்த பெண். அந்த வரியைப் படித்ததும் எடுத்த டம்ளரைத் திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"சார்" என்றாள், வகுப்பில் கேட்கிற குரலில். அப்பாவுக்கு முன்னால் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "அந்த இஃப்ல ஏ போட்டிருக்கே, அங்க கே இல்லையோ வரணும்?"

"இல்லையே. ஏ-தான் கரெக்ட்."

"நன்னா யோசிச்சுப் பாருங்கோ சார். கே போட்டாத்தான் நாம நினைக்கறது நடக்கும்."

"இதையெல்லாம் மூணாவது பாடத்துலயே நடத்தியாச்சு" என்றான் கிரீஷ். வாத்தியார் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. "அதுக்குள்ள மறந்தாச்சா?"

"கொஞ்சம் உள்ள வாங்கோளேன், தண்ணி தரேன்" என்றாள் அவள், கண்ணை உருட்டி.

"எனக்குத் தாகம் இல்லை" என்றான். பெண் பார்க்காத வீட்டில், பெண்ணின் அப்பா உட்கார்ந்திருக்கும்போது சமையலறைக்குள் நுழைந்தால் என்ன நினைப்பார்? அவன் அவ்வளவு மரியாதை தெரிந்த பையன்.

ஆட்டம் மாறியது. மாமாவுக்கு ஆறும் பன்னிரண்டுமாக விழுந்தன. ஆறு காய்களும் இறங்கி ஓட்டமெடுத்தன. ஆனால் கிரீஷுக்குப் புரியாத ஒன்று நடந்தது. ஐந்து விழுந்தபோது சரியாக ஐந்தாவது கட்டத்தில் கரீமுல்லாவின் சோழி இருந்தது. வெட்டியிருக்கலாம். மாமா வெட்டவில்லை. வேறொரு காயை எடுத்து எங்கோ நகர்த்தினார். அந்த வீட்டுச் சட்டப்படி ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அப்படியிருந்தும் மூன்று முறை வெட்டக் கிடைத்தது, மூன்று முறையும் விட்டார்.

"மாமா, அங்க வெட்டு இருந்ததே!"

"அப்படியா? கவனிக்கலையே மிஸ்டர்" என்றார் மாமா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பாவம், பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று முடிவு கட்டினான் கிரீஷ். கண் தெரியாதவருக்கு இன்னும் கொஞ்சம் ஒத்தாசை வேண்டும். மறுபடியும் மெஷின் சூடானது. இந்த முறை 'ஒரு தடவை மட்டும்' என்றிருந்ததை எடுத்துவிட்டான். ஏ-க்குச் சின்ன எண் விழுந்தால், பெரிய எண் விழும்வரை உருட்டிக்கொண்டே இரு.

இதில் என்ன வினை என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். கிரீஷ் கண்டுபிடிக்கவில்லை. சின்ன எண்ணே விழாவிட்டால் மிச்சம் என்ன? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. நாலுமே விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டிய எண்கள். அதாவது மாமாவின் முறை முடியவே முடியாது.

மாமா உருட்டினார். ஆறு. மறுபடி. பன்னிரண்டு. மறுபடி. ஐந்து. மறுபடி.

"என்ன மிஸ்டர் இது, விட மாட்டேங்கறது?"

"அதிர்ஷ்டம் மாமா!"

கரீமுல்லா கே-யின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு விரலை எடுத்தார். பிறகு கன்னத்தில் கை வைத்தார்.

"அம்பி, நம்ம கட்டையையே எடுத்தாந்துடலாமா?" என்றார் மெதுவாக.

"நானும் அதான் நினைச்சேன் கரீம்" என்று மாமா ஆவலாக எழுந்தார்.

"வேண்டவே வேண்டாம் மாமா!" கிரீஷ் கையைக் குறுக்கே நீட்டினான். "மெஷின் நன்னா இருக்கு. நீங்க ஜெயிக்கற நேரத்துல எதுக்கு நிறுத்தணும்?"

மாமா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவருடைய ஐந்து காய்கள் உள்கட்டத்து வாசலுக்கு வந்து நின்றுவிட்டன. ஒரு வெட்டுகூட இல்லாததால் உள்ளே போக வழியில்லை. ஆறாவது காய் மட்டும் பின்னால் இருந்தது. அதற்கு நேர் முன்னால், அடுத்த கட்டத்திலேயே, கரீமுல்லாவின் சோழி. இனி ஒரு தாயம் விழுந்தால் நகர்த்த வேறு காய் கிடையாது. வெட்டியே ஆகவேண்டும்.

அந்தக் கணத்தில் கூடத்தில் ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. வாசல் பக்கத்து மெயின் சுவிட்சுக்குக் கீழே, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மாளவிகா நின்றிருந்தாள்.

"ஐயோ, கரண்ட் போயிடுத்தே!" என்றாள். "சரி, அப்போ ஆட்டத்தைக் கலைச்சுடலாமா?"

"கலைச்சுடலாம்!" என்றார் மாமா.

"கலைச்சுடு!" என்றார் கரீமுல்லா.

"எதுக்கு?" என்றான் கிரீஷ். அவனே போய் சுவிட்சைப் போட்டான். "காயெல்லாம் தரையில அப்படியே இருக்கு. மேக்ரோ ஃபிளாப்பியில சேவ் பண்ணி வச்சிருக்கேன். எது போனாலும் வேலை போகக்கூடாதுன்னு வகுப்புல முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கேனே, ஞாபகம் இல்லையா?"

மாளவிகாவுக்கு ஞாபகம் இருந்தது. அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மெஷின் உயிர்பெற்று வந்த நேரத்தில் கிரீஷ் கட்டத்தை ஒருமுறை பார்த்தான். மாமாவுக்கு வேண்டியது ஒரே ஒரு தாயம். போனால் போகிறது என்று கடைசி வரியையும் எழுதினான். மற்ற இஃப்களையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே இஃப். ஏ-யானால், தாயம். எழுதி முடித்தபோது அவனுக்கே ஒரு நிறைவு. நாலு ராத்திரி எழுதியதைவிட இது எவ்வளவு எளிமை!

மாமா தட்டினார். தாயம். புளியங்கொட்டையை எடுத்து முன்னால் வைத்தார். கரீமுல்லாவின் சோழி வெளியே வந்தது.

"வெட்டு!" என்று கிரீஷ் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

தாயம் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். உருட்டினார். தாயம். மறுபடி. தாயம். வாசலில் நின்ற காய்கள் ஒவ்வொரு கட்டமாக உள்ளே நகர்ந்தன. ஒரு காய், ஒரு அடி. அடுத்த காய், ஒரு அடி. பதினேழாவது தாயத்தில் கரீமுல்லா எழுந்துகொண்டார்.

"அம்பி, நான் அஸர் தொழுதுட்டு வந்துர்றேன்."

போனார். தெருமுனையில் இரண்டு பேரிடம் நின்று பேசினார். பள்ளிவாசலில் தொழுதார். வழியில் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வந்தபோதும் மாமா அதே முறையை ஆடிக்கொண்டிருந்தார். ஒரு தாயம், ஒரு பெருமூச்சு, ஒரு அடி.

நாலே முக்காலுக்கு ஆறாவது காயும் நடுக்கட்டம் சேர்ந்து பழமானது. அம்பி மாமா ஜெயித்தார்.

"மாமா, ஜெயிச்சுட்டேள்!" என்று கிரீஷ் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஆமாம்ப்பா, ஜெயிச்சுட்டேன்" என்றார் மாமா, துக்கம் விசாரிக்க வந்தவருக்குப் பதில் சொல்வதுபோல. "மெஷின் நன்னா இருக்கு. போய்ட்டு வாங்கோ." உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாளவிகாவோ அவனைப் பார்த்த பார்வையில் ஆறு மாத வகுப்பும் கருகிப்போயிற்று.

கிரீஷ் மெஷினைக் கழற்றி வாசலுக்குத் தூக்கிவந்தான். கீபோர்டைக் கரீமுல்லா எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஆட்டோ ஒன்றையும் காணவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"பாய், என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன். மாமா ஜெயிச்சும் முகமே சரியில்லையே. இனிமே பொண்ணு தருவாரா?"

கரீமுல்லா கீபோர்டை மொபெட் சீட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பந்தியில நாலு வரிசைக்குக் கேக்குற மாதிரி பொண்ணு கிடையாதுன்னு சொன்னவன், மனசு மாறிட்டாலும் சும்மா சரின்னு சொல்ல முடியுமா தம்பி? அதான் இன்னிக்கு மதியம், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நானும் அவனும் மாளவிகா பாப்பாவை வச்சுக்கினு பேசி முடிச்சோம். ஆட்டத்துல நான் ஜெயிச்சா, பந்தயத்துல தோத்துட்டேன், பொண்ணை அந்தப் பையனுக்கே குடுத்தாவணும்னு அம்பி ஊர்ல சொல்லிக்கலாம்னு."

கிரீஷ் மெஷினை வாசற்படியில் இறக்கி வைத்தான்.

"அப்போ நான் பண்ணினது உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது தாயம் வரிசையா விழுந்தா யாருக்குத்தான் தெரியாது? மெஷின் ஏமாத்துதுன்னு சொன்னா, மாப்பிள்ளை ஏமாத்துக்காரன்னு ஆயிடுமேன்னு ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கினு குந்தினு இருந்தோம்."

"பாய்… அப்போ என் கல்யாணம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஆட்டம் கீது. நான் ஜெயிக்கறதுக்கு ஆடறேன், அம்பி தோக்கறதுக்கு ஆடறான், நீ மட்டும் இந்தப் பக்கமே வராம இரு நைனா, உன் கல்யாணத்தை நாங்க முடிச்சு வைக்கிறோம்!"